செலவில்லாமல் ஒரு கேப்டன்

சேலையூரில் லாசரஸ் வாத்தியாரைக் கேட்காமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. அரிசி எந்தக் கடையில் மலிவு, சைக்கிள் டயரை எந்த மாதத்தில் மாற்றினால் லாபம், சவப்பெட்டிக்கு எந்தத் தச்சரிடம் போனால் பலகை கெட்டியாக இருக்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தன் கல்யாணத்தைக்கூட மைத்துனன் கல்யாணத்தோடு சேர்த்து ஒரே பந்தலில் முடித்துக்கொண்டவர். இதைப் பெருமையாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா என்று அவர் மனைவி மெட்டில்டா கடைசிவரை முடிவு செய்யவில்லை.

இப்படிப்பட்டவரின் ஒரே மகன் தனசிங், 1964இல் பி.எஸ்ஸி. முடித்த கையோடு, தான் விமானி ஆகப்போவதாகச் சொன்னான்.

ஆசை ஒன்றும் புதிதில்லை. தாம்பரத்து விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் காலையிலிருந்தே எங்கள் கூரைகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் வேதக் கோயிலில் பாதிரி ஐயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். மூன்றாம் வகுப்பு வரை இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் விமானிகள்தான். அதற்குப் பிறகு ரயில்வே குமாஸ்தா, பேங்க் குமாஸ்தா என்று திருந்திவிடுவார்கள். தனசிங் மட்டும் திருந்தவில்லை.

லாசரஸ் கோபப்படவில்லை. எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். தனசிங் விசாரித்து வைத்திருந்தான். சீமைக்குப் போய்ப் படித்தால் வீட்டை விற்க வேண்டும். மீனம்பாக்கத்து ஃபிளையிங் கிளப்பில் முழுக் கட்டணம் கட்டிப் படித்தால் மாடம்பாக்கத்தில் இருக்கும் நிலத்தை விற்க வேண்டும். விமானப்படையில் சேர்ந்தால் எதையும் விற்க வேண்டாம், அவர்களே சம்பளமும் சாப்பாடும் தருவார்கள்.

"அப்புறம் மத்த ரெண்டையும் எதுக்குச் சொன்ன?" என்றார் லாசரஸ். காபி ஆறுவதற்குள் மகனின் எதிர்காலம் முடிவாகிவிட்டது.

விமானப்படைத் தேர்வுக்கு வடக்கே போக வேண்டியிருந்தது. மெட்டில்டா கம்பளிச் சட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். அங்கே தனசிங்கை ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு கோல், காலடியில் இரண்டு மிதிகள், எதிரே கண்ணாடியில் ஒரு வெளிச்சப் புள்ளி. புள்ளியைக் கட்டத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டும். தனசிங் அதுவரை கால் வைத்து ஓட்டிய ஒரே வாகனம் சைக்கிள். பழக்க தோஷத்தில் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மிதித்தான். புள்ளி கட்டத்தை விட்டு, கண்ணாடியை விட்டே போய்விட்டது. இந்தப் பரீட்சையை ஒருவன் வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுத முடியும் என்று மரியாதையாகச் சொல்லி, ரயில் சார்ஜும் கொடுத்து அனுப்பினார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யை ஐந்து தடவை எழுதி வாழ்க்கையில் நன்றாக இருப்பவர்கள் பலரை லாசரஸுக்குத் தெரியும். ஒரு தடவைக்கு மேல் எழுதக் கூடாது என்றால் அது என்ன பரீட்சை என்று ஒரு வாரம் எல்லோரிடமும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சம்பந்தம் வந்தார். கோட்டையில் குமாஸ்தா. யோசனை சொல்வதில் லாசரஸுக்குப் போட்டியாக எங்கள் தெருவில் இருந்த ஒரே ஆள். குரோம்பேட்டையில் கருடா ஏவியேஷன் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள், பாதிச் செலவில் விமானி ஆகலாம், இரண்டு வருஷப் பணத்தையும் சேர்த்துக் கட்டினால் அதிலும் தள்ளுபடி என்றார். தள்ளுபடி என்ற சொல் லாசரஸின் காதில் விழுந்த பிறகு மற்றதை யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்ஸ்டிடியூட் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. பிரின்சிபால் ஸ்ரீநிவாசராகவன் ஒரு காலத்தில் ரங்கூனில் விமானக் கம்பெனி ஒன்றில் மூட்டைகளை எடை போடும் பிரிவில் இருந்தவர். விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் அதன்மேல் அவருக்கு உண்மையான பக்தி இருந்தது. மாணவர்களை நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு பழைய குடைக்காம்பைக் கையில் கொடுத்து, கண்ணை மூடச் சொல்வார்.

"இப்ப நாம மூவாயிரம் அடியில இருக்கோம். இடது பக்கம் பரங்கிமலை. எல்லாரும் பார்த்துண்டேளா?"

எல்லோரும் கண்ணை மூடியபடி பரங்கிமலையைப் பார்ப்பார்கள். கீழே மில் ஓடும்போது தரை அதிரும், நாற்காலிகள் நடுங்கும். அது எஞ்சின். மின்சாரம் நின்றால் ஸ்ரீநிவாசராகவன் சற்றும் பதறாமல் எஞ்சின் கோளாறு என்று அறிவித்து, அவசரமாகத் தரையிறங்கும் பாடத்தை எடுப்பார். அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். கருடா மாணவர்கள் தரையிறங்குவதில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். தலைமுடியெல்லாம் மாவோடு தனசிங் வீடு திரும்புவான். மேகத்துக்குள் போய் வந்தவன் போல இருக்கிறது என்று மெட்டில்டா சொல்வாள்.

நிஜ விமானம் எப்போது என்று ஒரு மாணவன் கேட்டபோது, அது இரண்டாம் வருஷப் பாடம் என்றார் பிரின்சிபால். இரண்டாம் வருஷம் பிறந்தபோது மாடியில் பலகை மாறியிருந்தது: கருடா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அதே நாற்காலிகள், அதே ஸ்ரீநிவாசராகவன், கைகளுக்குக் குடைக்காம்புக்குப் பதிலாகத் தட்டச்சு இயந்திரம். லாசரஸ் சண்டைக்குத்தான் போனார். பணம் செலவாகிவிட்டது என்பதை அந்த மனிதர் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். வேண்டுமானால் மீதியைத் தட்டச்சுக் கட்டணமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

கட்டிய பணம் வீணாகக் கூடாது. விமானி ஆகப் போன தனசிங் லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் தேறினான்.

அந்தத் தட்டச்சுதான் அவனை மீனம்பாக்கத்துக்குக் கொண்டு சேர்த்தது. ஃபிளையிங் கிளப்பில் டைப்பிஸ்ட் தேவை என்று பேப்பரில் வந்தது. மனுப் போட்டான், வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஊழியர்கள் பறக்கக் கற்றுக்கொண்டால் கட்டணம் குறைவு, அரசாங்க மானியமும் சேர்ந்தால் இன்னும் குறைவு. மாதச் சம்பளத்தை அப்படியே அதே ஆபீஸில் திருப்பிக் கட்டிவிட்டு, ரயில் பாஸில் வீட்டுக்கு வருவான். பணம் கைமாறுவதே இல்லை என்பதால் அதைச் செலவாக லாசரஸ் கணக்கில் எடுக்கவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பயிற்சிக்கு இருந்தது பெரும்பாலும் ஒரே புஷ்பக் விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன வண்டி. பறக்க ஆசைப்பட்டவர்களோ டாக்டர் மகன், மில் முதலாளி மருமகன், ஜமீன்தாரின் பேரன் என்று நீண்ட வரிசை. யார் எப்போது பறப்பது என்ற பட்டியலைத் தினமும் டைப் அடிப்பவன் தனசிங். கடைசிப் பெயராகத் தன் பெயரையும் அவனே அடித்துக்கொள்வான்.

பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் காலைக் குளிர்ச்சியில் பறந்துவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கும் வேண்டாத நேரம் அக்னி நட்சத்திரத்து உச்சி வெயில். தனசிங் படித்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். பயிற்றுநர் ஸ்ரீரங்கன் கனத்த சரீரம். விமானம் வெப்பக் காற்றில் எழும்பி விழும்போதெல்லாம், உனக்குப் பாடம் நடக்கிறது, நான் வறுபடுகிறேன் என்பார். ஆனாலும் ஒரு நாளும் பாடத்தைச் சுருக்கியதில்லை.

முதல் தடவை ஸ்ரீரங்கன் கையை எடுத்துவிட்டு, நீயே பிடி என்று சொன்னபோது தனசிங்குக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பல்லாவரத்து மலை ஒரு சரளைக் குவியலாகக் கீழே கிடந்தது. ஜி.எஸ்.டி. ரோடு தெரிந்தது. ரயில் ஒரு புழுப்போல ஊர்ந்தது. சேலையூரைத் தேடினான். தென்னைகளும் ஏரிகளும்தான் தெரிந்தன. தன்னைப் பற்றித் தினமும் நூறு பேச்சு பேசும் ஓர் ஊர் அத்தனை சத்தமில்லாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

விமானத் தொழிலுக்கான லைசென்ஸ் வாங்க இருநூறு மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்க வேண்டும். டைப்பிஸ்ட் சம்பளத்தில் அதை எட்டுவதற்குள் தனசிங்குக்கு நரைத்துவிடும் என்று சம்பந்தம் கணக்குப் போட்டுச் சொன்னார். லாசரஸ் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விடை கிடைத்தது: பறப்பது தனசிங், செலவு வேறு யாராவது.

அந்த வேறு யாராவது முதலில் எங்கள் திருச்சபைதான். கன்வென்ஷன் கூட்டங்களுக்கு ஆகாயத்திலிருந்து நோட்டீஸ் போட்டால் தாம்பரமே திரண்டு வரும் என்று சபைக் கமிட்டியை லாசரஸ் சம்மதிக்க வைத்தார். அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று. ஒரு சனிக்கிழமை தனசிங் ஓட்ட, ஸ்ரீரங்கன் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் நாமத்தோடு, "வருத்தப்படுகிறவர்களே, வாருங்கள்" என்ற நோட்டீஸ்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஜன்னல் வழியே விட்டார். மேல்காற்று அவற்றை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய் மாடம்பாக்கத்தில் சிவன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கொட்டியது. ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தாள் நல்ல தாளாக இருந்ததால் சுண்டல் மடித்துக்கொண்டார்கள்.

சபைக் கமிட்டி விளக்கம் கேட்பதற்குள் மாடம்பாக்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் லாசரஸ் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்க எழுந்தார். அவர்கள் வந்த விஷயம் வேறு. அடுத்த உற்சவத்துக்குத் தங்களுக்கும் அதே மாதிரி போட முடியுமா, என்ன ஆகும் என்று கேட்டார்கள்.

அதிலிருந்து லாசரஸ் வாத்தியார் ஆகாய விளம்பர ஏஜென்ட் ஆகிவிட்டார். சர்க்கஸ், ஜவுளிக்கடை, சோடாக் கம்பெனி, மூல வியாதி வைத்தியர் என்று யார் யாரோ தனசிங்கின் மணி நேரங்களுக்குப் பணம் கட்டினார்கள். 1967 தேர்தலில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவர் ஒரே நாளுக்குக் கேட்டார்கள். இரண்டு தடவை போனால் பெட்ரோல் நஷ்டம் என்று லாசரஸ் கருதியதால், வலது ஜன்னலில் ஒருவருக்கும் இடது ஜன்னலில் இன்னொருவருக்கும் என்று ஒரே சுற்றில் முடிந்தது. விமானம் ஒரே தடவைதான் வந்தது என்பதால், இருவருமே மற்றவருடைய நோட்டீஸைத் தங்கள் ஆட்கள் எப்படியோ தடுத்துவிட்டதாக நம்பினார்கள்.

1971இல் லைசென்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை, வீட்டுக் கேட்டில் "கேப்டன் எல். தனசிங்" என்று பெயர்ப் பலகை. ஒரு விமானத்தைத் தலைமை தாங்கி ஓட்டினால்தான் கேப்டன் என்று சம்பந்தம் சட்டம் பேசினார். பலகைக்காரனுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்றார் லாசரஸ்.

மறு மாதமே ரத்தினபாய் டீச்சர் கல்யாணம் பேச வந்தார். பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை, விதவை. மகள் அமலராணி தாம்பரம் சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விமானக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. ஏதோ அடுத்த வாரம் கிடைத்துவிடும் என்பது போலத்தான் எல்லோரும் பேசினார்கள்.

கிடைக்கவில்லை. தனசிங்கைப் போல லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் நாடெங்கும் நிறைந்திருந்தார்கள். இருந்த விமானங்களைப் பிரித்து ஆளுக்கொரு இறக்கை கொடுத்தாலும் போதாது. ஒரு காலியிடத்துக்கு நேர்காணல் போனபோது வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. அதில் பாதிப் பேர் தனசிங் தன் கையால் பட்டியலில் மேலே டைப் அடித்து அனுப்பியவர்கள். லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க அவ்வப்போது பறந்தாக வேண்டும். அதற்கும் பணம் கட்ட வேண்டும். வேலையில்லாத விமானியாக இருப்பதற்காக அவன் இராப்பகலாக டைப் அடித்தான். 1973 கடைசியில் உலகமெங்கும் பெட்ரோல் விலை ஏறியது. வேலை கொடுக்காதிருக்கக் கம்பெனிகளுக்கு நல்ல காரணமும் கிடைத்தது. கேம்ப் ரோடில் சைக்கிளில் போகும் அவனைப் பார்த்து, "கேப்டன் சார், இன்னைக்கு எத்தனை அடி உயரம்?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பு வரவர வீட்டுக்கு வந்து சேராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது என்று மெட்டில்டாவுக்குத் தெரியும்.

1974இல் வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தெளிக்கும் சிறிய கம்பெனி ஒன்று விமானி தேவை என்று விளம்பரம் செய்தது. தனசிங் போனான், எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் செலவும் கம்பெனியுடையது, சம்பளமும் உண்டு என்றதும், இப்படி ஒரு இடத்தைப் பத்து வருஷமாக யாருமே சொல்லவில்லையே என்று லாசரஸ் ஆச்சரியப்பட்டார்.

செய்தி கேட்டு ரத்தினபாய் டீச்சர் வந்தார். மெட்டில்டா காபி கொடுத்தாள். யூனிஃபார்ம் என்ன நிறம் என்று டீச்சர் கேட்டார். யூனிஃபார்ம் கிடையாது என்றான் தனசிங். வெளிநாடு போக வேண்டியிருக்குமா என்றார். திண்டிவனம், விழுப்புரம், சில சமயம் தஞ்சாவூர் என்றான்.

"எவ்வளவு உயரத்துல பறப்பீங்க தம்பி?"

"பயிருக்கு மேல பத்தடி, டீச்சர். அதுக்கு மேல போனா மருந்து காத்துல போயிடும்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். பத்தடி உயரத்தில் இருப்பவனுக்குப் பெண் கொடுப்பதாக அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவன் எங்கள் வயலிலேயே இருக்கிறான் என்று வாசலில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போனது உள்ளே கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டூட்டி முடிந்து அதே வெள்ளைப் புடவையோடு அமலராணி தனியாக வந்தாள். லாசரஸும் மெட்டில்டாவும் எழுந்து நின்றார்கள். அவள் தனசிங்கைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மருந்து தெளிக்கும்போது முகத்துக்கு என்ன போட்டுப்பீங்க?"

"கைக்குட்டை கட்டிக்கச் சொன்னாங்க."

"கைக்குட்டை போதாது. டேங்க்ல மருந்தை ஊத்துறது யாரு? உங்க கையில படுமா? முடிச்சதும் குளிக்கத் தண்ணி இருக்குமா?"

அவனுக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக எல்லோரும் அவனிடம் எவ்வளவு ஆகும், எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"நான் வேலை பாக்கிற இடத்துல தினம் நுரையீரல் கெட்டவங்களைப் பாக்கிறேன். இதெல்லாம் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. எங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் அமலராணி.

அவன் கேட்டுக்கொண்டு வந்தான். கம்பெனி மேனேஜர் அவனை விநோதமாகப் பார்த்தாராம். நல்ல முகமூடி தருவதாகச் சொன்னார், தண்ணீருக்கு வழியில்லை என்றார். போகும் இடமெல்லாம் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் இருந்தால்தான் எஞ்சினைக் கிளப்புவேன் என்று சொல்லும்படி அமலராணி சொன்னாள். அவன் சொன்னான். வாழ்க்கையில் அவன் போட்ட முதல் நிபந்தனை அதுதான். டிரம் வந்தது.

1975இல் கல்யாணம். அழைப்பிதழை ரத்தினபாய் டீச்சர் தன் செலவிலேயே அச்சடித்தார். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே "வேளாண் அதிகாரி (ஆகாயம்)" என்று போட்டிருந்தது. அப்படி ஒரு பதவி உண்டா என்று சம்பந்தத்துக்குக்கூடத் தெரியவில்லை.

அதற்கடுத்த வருஷம் மகன் வேலை செய்வதைப் பார்க்க லாசரஸ் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். விமானத்துக்கு வரிசை காட்ட, வரப்பில் கொடி பிடித்தபடி ஒருவன் நின்றான். விமானம் தொலைவில் தும்பி போலத் தெரிந்து, பனைமரங்களுக்கு நடுவே இறங்கி, மின்சாரக் கம்பிக்கு அடியில் நுழைந்து, நெற்பயிர் படுத்து எழ, வெள்ளைப் புகையை விட்டபடி அவரைத் தாண்டியது. வயலின் கோடியில் செங்குத்தாக ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி, மறுபடி கம்பிக்கு அடியில் வந்தது. லாசரஸ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற விவசாயி, ஏக்கருக்கு எவ்வளவு ஆகிறது சார் என்று அவரிடம் கேட்டார். தெரியாது என்றார் லாசரஸ்.

இறங்கி வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த மகனிடம், "அந்தக் கம்பி இருக்கிறது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"காலையிலேயே நடந்து போய்ப் பார்த்து வெச்சுக்குவேன்ப்பா."

"தினமுமா?"

"தினமும்."

வீட்டில் மெட்டில்டா விசாரித்தபோது, பயல் நன்றாக ஓட்டுகிறான் என்றார். கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. யோசனை கேட்டு வருபவர்களிடமும் அதன்பின் அவர் கொஞ்சம் குறைவாகவே பேசினார்.

தனசிங் வருஷத்தில் பாதி நாள் வெளியூரிலும் மீதி நாள் வீட்டிலுமாக இருந்தான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1978 பருவம் முடிந்து அவன் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். மடியில் ஒரு விவசாயி கொடுத்த வேர்க்கடலைப் பை, சட்டையில் எத்தனை சோப்புக்கும் போகாத மருந்து வாடை. தாம்பரத்துக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா சார், பூச்சிமருந்து கடையா வச்சிகினுகீற?"

"இல்லப்பா, பைலட்."

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த லாரி சர்வீஸ்ல?"

தனசிங் ஒரு கை வேர்க்கடலையை அள்ளி அவரிடம் நீட்டினான். கண்டக்டர் அங்கேயே கம்பியில் சாய்ந்து நின்று உடைத்துத் தின்றார். இந்த வருஷம் கடலை நன்றாகத் திரண்டிருக்கிறது என்றார். ஆமாம், பூச்சி விழவில்லை என்றான் தனசிங். வண்டி வண்டலூரைத் தாண்டியபோது அவன் தூங்கிப்போயிருந்தான். தாம்பரம் வந்ததும் கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்.